பொதுவில் போட்டாச்சு

காலை ஒன்பதரை மணிக்குள் அந்த மென்பொருள் அவளை மூன்று முறை பொய்க்காரி ஆக்கிவிட்டது.

"பாதை கிடைக்கவில்லை" என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. கிடைக்கவில்லையாம்! அதே திரையில், அவள் கண் எதிரே, இசட் டிரைவ் என்ற பெயரில் நாத்தனாரின் ஃபோல்டர் திறந்து கிடந்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் அவளால் தொட முடிந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் என்பார்களே, அந்தக் கதைதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிள்ளை இடுப்பில் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் மென்பொருள் நம்புவதாக இல்லை.

"அண்ணி, காலங்காத்தால யார்கூட சண்டை?" என்று பக்கத்து அறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்.

"குருட்டுப் பய ஒருத்தன்கூட."

"அண்ணன் சைட்டுக்குப் போயாச்சே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று அப்போது தெரியாது.

வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். ஒரு அறையில் அவள் கணவன் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வரைபடம் போடுவான். அடுத்த அறையில் சின்னவள் அந்த வீடுகளின் உள்ளே அலமாரி எங்கே, விளக்கு எங்கே என்று வரைவாள். கடைசி அறையில் மாமனார். வேலை பார்த்த காலமெல்லாம் நிலம் அளந்தவர். இப்போது தன் பழைய அளவுத்தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். வாசலை ஒட்டிய முன்னறை அவளுடையது. போன் எடுப்பது, படங்களை அச்சிட்டு அனுப்புவது, கம்ப்யூட்டர் படுத்தால் எழுப்பி உட்கார வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

அவள் படித்ததும் அந்த வேலைதான். ஒரு பெரிய கம்பெனியில் நெட்வொர்க் பிரிவில் இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் மாமனாருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது, "ரெண்டே ரெண்டு மாசம் ஆபீஸைப் பாத்துக்கோ" என்றான் கணவன். மாமனார் தேறி, நடைப்பயிற்சிக்குப் போய், எதிர்வீட்டுக்காரருடன் வாக்குவாதம் செய்யும் அளவுக்கு உடம்பு வந்த பிறகும் அந்த இரண்டு மாதம் முடியவில்லை.

பத்து நாளைக்கு முன் வேறொரு கம்பெனியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சேருகிறாயா இல்லையா என்று சனிக்கிழமை, அதாவது இன்றைக்கு, மாலை நான்கு மணிக்குள் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கணவன் கடிதத்தைப் படித்தான். முகம் மலர்ந்தது, பிறகு கொஞ்சம் யோசித்தது. "தாராளமா போ. ஆனா அந்த பேக்கப்பை ஒழுங்கா ஓட வச்சிட்டுப் போ. மறுபடியும் போன தடவை மாதிரி ஆனா நான் யாரைக் கூப்பிடறது?"

போன தடவை என்றால், அவன் கம்ப்யூட்டரின் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. ஒரு பள்ளிக்கூடத்தின் முழு வரைபடமும் அதோடு போயிற்று. பத்தொன்பது நாள் உட்கார்ந்து திரும்ப வரைந்தார்கள். அப்போது வாங்கிய சேமிப்புப் பெட்டி, அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வராமலே இரண்டு மாதம் அவள் மேஜைக்கடியில் கால் வைக்கும் பலகையாக இருந்தது. நேற்றுதான் அதைச் சுவரோரம் வைத்து இணைத்தாள். மூன்று பேரின் பொது ஃபோல்டரையும் பேக்கப் மென்பொருள் தானாகப் போய் நகலெடுத்துவந்து அந்தப் பெட்டியில் தினமும் வைக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பத்தேகால் மணிக்கு அவளுக்கே பொறி தட்டியது. இசட் டிரைவ் என்பது அவள் லாகின் செய்ததால் அவளுக்குத் தெரிவது. மென்பொருளோ பின்னணியில், கம்ப்யூட்டரின் சொந்தக் கணக்கில் ஓடுகிறது. அவள் வைத்த செல்லப்பெயர் அதற்கு எப்படித் தெரியும்? முழு முகவரி கொடுக்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர், அதில் எந்த ஃபோல்டர், யார் பெயரில் உள்ளே நுழைவது, பாஸ்வேர்டு என்ன, எல்லாம். மூன்று வருடத்துக்கு முன்பு இதைத் தூக்கத்தில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். துருப்பிடித்துவிட்டேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மாமனார் அறைக்குப் போனாள்.

"மாமா, உங்க கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு என்ன?"

"அதெல்லாம் வைக்கலம்மா. நம்ம வீட்டு அலமாரிக்கு நாமே காவல் போடுவோமா?"

"பாஸ்வேர்டு இல்லாத கணக்குல அது வெளியிலேர்ந்து நுழையாது மாமா."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "திறந்து கிடக்கிற வீட்டுக்குள்ள வரமாட்டேன், பூட்டிட்டு சாவியைக் கையில குடுன்னா... இது என்னம்மா மாப்பிள்ளை முறுக்கு?"

மாப்பிள்ளைக்காகப் பூட்டுப் போட்டார்கள். அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி ஒரு பாஸ்வேர்டு வைத்தார். அவள் முன்னறைக்குத் திரும்பி அதையே அடித்தாள். தவறு என்றது. மறுபடி வந்து கேட்டாள். முதல் எழுத்து பெரியதா சின்னதா என்பது அவருக்கு நினைவில்லை. "நான் எல்லாத்தையும் பெரிசாத்தான் நினைப்பேன்" என்றார். நான்கு முறை அறைக்கும் அறைக்கும் நடந்த பிறகு மாமனார் கம்ப்யூட்டரின் பச்சைக்கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது. திரையில் பச்சை டிக்.

அடுத்தது சின்னவளுடையது. நாற்பது சதவீதம் வரை குதிரை போல ஓடிவந்து அப்படியே நின்றது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். போய்ப் பார்த்தால் சின்னவளின் நாற்காலி காலி, திரை இருட்டு. மாடியிலிருந்து டீ கிளாஸோடு இறங்கி வந்தாள்.

"நான் எழுந்து போனா அதுவும் பதினஞ்சு நிமிஷத்துல தூங்கிடும் அண்ணி. எஜமானி எவ்வழி, மெஷினும் அவ்வழி."

"உன் மெஷின் தூங்கட்டும். என் வேலையும் சேர்ந்து தூங்குதே!"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது என்று தெரிந்தது. சின்னவள் டீயைக் கீழே வைத்தாள். அண்ணியின் முகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். "நான் இங்கேயே உக்காந்து மௌஸை ஆட்டிக்கிட்டே இருக்கேன். நீங்க தூங்கவிடாம பண்ற அந்த செட்டிங்கை மாத்துங்க" என்றாள். மாற்றி, முதலிலிருந்து ஓடவிட்டு முடிக்க ஒன்றேகால் ஆயிற்று. இரண்டாவது பச்சை டிக்.

கணவனின் பாஸ்வேர்டுக்காகக் காலையிலிருந்து ஐந்து முறை போன் செய்திருந்தாள். "சைட்ல இருக்கேன், கான்கிரீட் போய்ட்டிருக்கு" என்று ஒரு முறை. "வந்து சொல்றேன்" என்று ஒரு முறை. மற்ற மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. இரண்டு மணிக்குச் சட்டையெல்லாம் சிமென்ட் தூளோடு வந்து நின்றான். வந்ததும் கேட்டது ஒரே கேள்வி.

"முடிஞ்சுதா?"

உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் அவளுக்குப் பிடிக்காத கேள்வி அதுதான். அவனை அவன் மேஜைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து, பாஸ்வேர்டை வாங்கி, மூன்றாவதையும் ஓடவிட்டாள். இரண்டே முக்காலுக்கு மூன்று பச்சை டிக்குகளும் வரிசையாக நின்றன. 'வெற்றி, வெற்றி, வெற்றி' என்று மூன்று வரிகள். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்தாள்.

அப்படியே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நெட்வொர்க் பிரிவில் அவளுடைய முதல் அதிகாரியிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை அவர் பேக்கப் என்றே சொல்லமாட்டார், வதந்தி என்பார்.

"சின்னவளே, ஏதாவது ஒரு ஃபைல் பேர் சொல்லு. எடுத்துக் காட்டறேன்."

"ஹால்-கடைசி-நிஜமாவே கடைசி."

சேமிப்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். பெயர் 'பொது'. அதற்குள் தேடினாள். ஹால் இல்லை. கடைசியும் இல்லை, நிஜமாவே கடைசியும் இல்லை. சின்னவளின் ஒரு கோடுகூட இல்லை. மாமனாரின் அளவுத்தாள் தேடினாள். அதுவும் இல்லை. இருந்ததெல்லாம் கணவனின் தூண்களும் உத்திரங்களும்தான்.

ஒரு நிமிடம் 'பொது' என்ற அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புரிந்துவிட்டது. புரிந்ததும் நெற்றியில் அறைந்துகொண்டாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாமனார் போட்டது. 'எதையும் உன் மேஜையில வச்சுக்காதே, பொதுல போடு.' அதனால் எல்லோரும் எப்போதும் எதையும் பொதுவில்தான் போடுவார்கள். "அப்பா, அந்தத் தாளை எங்கே வச்சீங்க?" "பொதுல போட்டாச்சே!" யாருடைய பொதுவில் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று பேரும் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு ஃபோல்டர் திறந்து, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே பெயரை வைத்திருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் பொது என்றால் 'என்னுடையது' என்று அர்த்தம்.

மென்பொருளுக்கு அந்தச் சூட்சுமம் தெரியுமா? எடுத்துவரும் ஃபோல்டரின் பெயரிலேயே அது பெட்டியிலும் ஒன்றைத் திறந்துவிடும். மாமனாரின் பொது போய் உட்கார்ந்தது. அடுத்து வந்த சின்னவளின் பொதுவும் அதே நாற்காலியில் உட்கார்ந்தது. இடம் மிச்சமாகட்டும் என்று 'மூலத்தில் இல்லாததைப் பெட்டியிலிருந்தும் அழித்துவிடு' என்ற கட்டத்தை அவளே நேற்று டிக் செய்திருந்தாள். சின்னவளிடம் அளவுத்தாள்கள் இல்லையே, ஆகவே அழித்துவிட்டது. கணவனிடம் ஹால் இல்லையே, அதையும் அழித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு 'வெற்றி' என்று பச்சையில் எழுதியும் வைத்தது. நல்லவேளை, அவரவர் கம்ப்யூட்டரில் அசல் பத்திரமாக இருந்தது.

"என்ன ஆச்சு?" கணவன் வந்து நின்றான்.

சொன்னாள். திருத்துவது கஷ்டமில்லை. பெட்டியில் மூன்று தனி ஃபோல்டர் வைத்து ஒவ்வொன்றுக்கும் வழிகாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேருடையதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட வேண்டும். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மணி மூன்றேகால்.

அவன் அவள் மேஜையின் விளிம்பில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அன்பாகத்தான் கேட்டான். "ஒரு வாரம் டைம் கேட்டுப் பாரேன். சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. கடிதத்துலயே போட்டிருக்கு."

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா... நீ திறந்து பாத்ததால தெரிஞ்சுது. நாங்கன்னா மூணு பச்சை டிக்கைப் பாத்துட்டு நிம்மதியா இருந்திருப்போம். அடுத்த வாரம் இதே மாதிரி வேற ஏதாவது ஆனா? நீ இல்லாம இதை எப்படி நம்பறது?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அறைக்கும் அறைக்கும் நடந்த கால்கள் வலித்தன. கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது ஒரு பெரிய அலுப்பு.

"பேக்கப் ஓடலைன்னா நான் போக முடியாது. ஓடினா, ஓட வச்சது நீதானேன்னு அப்பவும் போக முடியாது. அப்ப நான் எதை ஓட வச்சா போகலாம்?"

"அப்படிச் சொல்லலையே நான்..."

"அப்படித்தான் சொன்னீங்க. நீங்க சொன்னது உங்களுக்கே கேக்கல."

பக்கத்து அறையில் சின்னவளின் கீபோர்டு சத்தம் நின்றுபோனது. கடைசி அறையில் ஸ்கேனரும் நின்றது. அந்த வீட்டில் சுவர்களுக்கு மட்டுமல்ல, இயந்திரங்களுக்கும் காது உண்டு.

"ரெண்டு மாசம்னு சொன்னீங்க," என்றாள் அவள். "நானும் சரின்னேன். மாமாவுக்காக அதை நான் சந்தோஷமாத்தான் செஞ்சேன், இப்பவும் அதுல வருத்தம் இல்ல. ஆனா இன்னிக்குக் காலையில இசட் டிரைவ் ஏன் தெரியலைன்னு கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. எனக்கு! முன்னாடி அதை புதுசா வர்றவங்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கேன். இன்னும் ஒரு வருஷம் இந்த முன்னறையில உக்காந்தா, அப்புறம் கடிதமும் வராது, வந்தாலும் எனக்கு வேலை தெரியாது."

அவன் சட்டைக் கையிலிருந்த சிமென்ட் தூளைத் தட்டினான். அது அவள் கீபோர்டில் விழுந்தது. அதைப் பார்த்து அவசரமாக ஊதினான். இன்னும் பரவியது.

அவள் போனை எடுத்தாள். கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான்கு நாளாக மனசுக்குள் எத்தனையோ விதமாக எழுதி வைத்திருந்தாள். நன்றி, மகிழ்ச்சி, எதிர்பார்ப்பு என்று நீளமாக. இப்போது அதெல்லாம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. 'திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேருகிறேன்' என்று ஒரு வரி எழுதினாள். பெட்டியில் ஒன்றுதான் சரியாக இருக்கிறது, இரண்டு இன்னும் இல்லை என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். அனுப்பிவிட்டாள். மணி மூன்று முப்பத்தேழு.

"அனுப்பிட்டியா?" என்றான்.

"அனுப்பிட்டேன்."

பிறகு அவன், தரையைப் பார்த்தபடி, "பேக்கப்புக்காக மட்டும் சொல்லல" என்றான். "சைட்ல எவன்கிட்டயாவது தலைவலியா இருந்தா, திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முன்னறையில நீ இருப்பே. திட்டுவே. அது ஒரு... பழகிப்போச்சு."

இதை அவன் பத்து நாளைக்கு முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் பாதி எரிச்சல் குறைந்திருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. மனுஷன் மனசில் இருப்பதைச் சொல்லாமல் பேக்கப் மேல் பழியைப் போட்டிருக்கிறான். "ஆறரை மணிக்கு வந்துடுவேன்" என்றாள். "வந்து திட்டறேன். அதுக்கு லீவு கிடையாது."

அவன் முகத்தில் பாதிச் சிரிப்பு வந்தது. மீதிப் பாதிக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, "உக்காருங்க" என்றாள்.

"நானா?"

"மூணு ஃபோல்டரும் நீங்கதான் வைக்கப் போறீங்க. நான் பக்கத்துல நிப்பேன். மௌஸைத் தொட மாட்டேன்."

மௌஸைத் தொடாமல் நிற்பது காலையிலிருந்து செய்த எல்லா வேலைகளையும்விடக் கடினமாக இருந்தது. எங்கே அழுத்த வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அழுத்தினான். அழிக்கும் கட்டத்தின் டிக்கை எடுக்கச் சொன்னால் அந்த பேக்கப் வேலையையே அழிக்கப் போனான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். 'அப்பா-பொது' என்று ஒன்று வைத்தான். 'சின்னவள்-பொது' என்று ஒன்று. தன்னுடையதற்கு வந்தபோது யோசித்தான். "எனக்கு என்ன பேர் வைக்கட்டும்?"

"அவர்-னு வைங்க. எனக்குத் தெரியும்."

"அண்ணி!" சின்னவள் வாசலில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "அப்பாவும் அவர், அண்ணனும் அவர். மறுபடியும் ஒரே நாற்காலியில ரெண்டு பேரை உக்கார வைக்கப் போறீங்களா?"

"இன்ஜினியர்-னு போடு" என்றார் அவளுக்குப் பின்னால் மாமனார். "படிக்க வச்சதுக்கு அங்கேயாவது இருக்கட்டும்."

முதல் ஓட்டத்திலேயே சிவப்பு வந்தது. கணவன் உடனே திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"என்னன்னு படிங்க."

"சிவப்பா இருக்கு."

"நிறத்தைக் கேக்கல. எழுத்தைப் படிங்க."

அவன் மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகப் படித்தான். பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. மாமனார் தொண்டையைச் செருமினார். மத்தியானம் சாப்பிட்டு வந்து பாஸ்வேர்டு பிடிக்கவில்லை என்று மாற்றிவிட்டாராம். "அப்பா!" என்று கணவன் போட்ட சத்தத்தில், காலையிலிருந்து அவள் போட நினைத்த எல்லாச் சத்தங்களும் இருந்தன. அதைக் கேட்கவே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்பாவும் பிள்ளையும் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று வழக்காட ஆரம்பித்தார்கள். முன்னறைக்கும் கடைசி அறைக்கும் நடக்க வேண்டிய நடை இப்போது அவனுடையது. மூன்றாம் முறை நடந்து வந்தபோது அவனுக்கு வியர்த்திருந்தது. நான்காம் முறை பச்சைக்கோடு தோன்றி ஒரு சதவீதம் என்று காட்டியது.

"ஓடுது!" என்றான். "இப்ப எந்திரிக்கலாமா?"

"முடியற வரைக்கும் எந்திரிக்காதீங்க. முடிஞ்சதும் ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்து, திறந்து பாத்து, அதுக்கப்புறம்தான் எனக்கு போன் பண்ணணும்."

"போனா? நீ எங்கே போறே?"

"செருப்பு வாங்க. ஆபீசுக்குப் போட்டுட்டுப் போறதுக்கு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. சின்னவளே, வர்றியா?"

சின்னவள் அதற்குள் கைப்பையை எடுத்துவிட்டிருந்தாள். இருவரும் வாசல் படியிறங்கும்போது, "ஏய், நாலு சதவீதத்துல நிக்குது!" என்ற குரல் உள்ளேயிருந்து கேட்டது. அவள் கால் தானாகத் திரும்பப் பார்த்தது. சின்னவள் அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள்.